ரசீது குத்திய கம்பியைப் பத்திரமாக வையுங்கள்

ஏழு தாள், இரண்டு பக்கமும் எழுதிய கடிதம். பெயர், ஊர், கடை எண் எல்லாவற்றையும் எடுத்துவிட்டு விஷயத்தை மட்டும் சுருக்கித் தருகிறேன்.

எழுதியவர் 44 வயதுப் பெண். மேற்கு மாவட்டம் ஒன்றில், நகராட்சி தினசரி மார்க்கெட்டில் வாழை இலை, வெற்றிலைக் கடை வைத்திருக்கிறார். கணவரின் தாத்தா தொடங்கிய கடை. லைசென்ஸ் இன்றைக்கும் அந்தத் தாத்தா பெயரில்தான் இருக்கிறது. கணவர் ஆறு வருடத்துக்கு முன் தவறிவிட்டார். 71 வயது மாமியார் அதே மார்க்கெட்டின் நடைபாதையில் சாக்கு விரித்துக் கறிவேப்பிலை, கொத்தமல்லி, எலுமிச்சை விற்கிறார். 19 வயதில் கல்யாணமாகி வந்த நாள் முதல் அதே இடம். தினமும் சுங்கக் குத்தகைக்காரர் கிழித்துத் தரும் ரசீதைக் கம்பியில் குத்தி வைப்பது அவர் பழக்கம். அப்படி எட்டுக் கம்பிகள் வீட்டுப் பரணில் தொங்குகின்றனவாம்.

மார்க்கெட் வாசல் வளைவில் 1936 என்று பொறித்திருக்கிறது. கருங்கல் தூண்கள், மேலே ஓடு. இவர் கடைக்கு எதிர்த் தூணின் அடிக்கல்லில் மூன்று தலைமுறை அரிவாள் தீட்டித் தீட்டி உள்ளங்கை அளவுக்குப் பள்ளம் விழுந்திருக்கிறது. சுமார் 140 கடைகள், 90 தரைக்கடைகள். போன மாதம் நகராட்சி நோட்டீஸ் ஒட்டியது: கட்டடம் பாதுகாப்பற்ற நிலையில் உள்ளது, 15 நாளில் காலி செய்ய வேண்டும், மூன்று மாடி வணிக வளாகம் வரப்போகிறது, அதுவரை 2 கிலோமீட்டர் தள்ளி வாரச்சந்தை மைதானத்தில் தகரக் கொட்டகை. பிறகு காலக்கெடுவை அடுத்த மாதம்வரை தள்ளிவைத்திருக்கிறார்கள்.

வியாபாரிகள் சங்கத் தலைவர் சொல்வது: "அறுபது வருஷத்துக்கு மேல இருந்தாச்சு, இடம் நமக்கே பாத்தியம். வாடகை கட்டாதீங்க. தற்காலிகக் கடைக்கான படிவத்துல கையெழுத்துப் போடாதீங்க. ஸ்டே வாங்கிடலாம்." அவர் பேச்சைக் கேட்டு எட்டு மாதமாக இவர் வாடகை கட்டவில்லை. மாமியார், "என் பிணம்தான் இங்கிருந்து போகும்" என்கிறார். மகனோ, "எலியும் சாக்கடையும், இடிச்சுக் கட்டட்டும்மா" என்கிறான். இவர் கேட்பது மூன்று கேள்வி: எங்களை வெளியேற்ற முடியுமா? மார்க்கெட்டைப் பாரம்பரியச் சின்னமாக அறிவிக்க வைக்க முடியுமா? அந்தப் படிவத்தில் கையெழுத்துப் போடலாமா?

அன்புச் சகோதரிக்கு,

உங்கள் மாமியாரும் மகனும் சொல்வது இரண்டுமே சரிதான். அவர்கள் வேறு வேறு பொருளைப் பற்றிப் பேசுகிறார்கள், அவ்வளவுதான். மகன் பேசுவது கட்டடத்தை. மாமியார் பேசுவது சந்தையை. காலையில் நாலு மணிக்கு இலைக்கட்டு இறங்குவது, சமையல்காரர் முகூர்த்தத்துக்கு முந்தின நாள் உங்களிடம்தான் வருவது, பக்கத்தில் மல்லிகைக்காரர், அதற்கடுத்து தேங்காய்க்காரர், இதெல்லாம்தான் சந்தை. கட்டடம் நின்று சந்தை செத்துப்போகலாம். கட்டடம் போயும் சந்தை பிழைத்துக்கொள்ளலாம். இரண்டையும் காப்பாற்ற முடிந்தால் நல்லதுதான். ஆனால் இரண்டில் எதை முதலில் பிடித்துக்கொள்வது என்று வந்தால், சந்தையைப் பிடித்துக்கொள்ளுங்கள் என்பதுதான் என் கருத்து.

அறுபது வருடக் கணக்கு

இதை முதலிலேயே தெளிவாக்கிவிடுகிறேன். எத்தனை வருடம் இருந்தாலும் நகராட்சிக் கடை உங்களுக்குச் சொந்தமாகாது. சங்கத் தலைவர் மனதில் இருப்பது 'எதிரிடை அனுபவம்' என்ற சட்டக் கருத்து. அதற்கு, உரிமையாளரை மறுத்து, அவர் அனுமதி இல்லாமல் அந்த இடத்தை அனுபவித்திருக்க வேண்டும். நீங்கள் மாதாமாதம் வாடகை கட்டி ரசீது வாங்கியவர். ஒவ்வொரு ரசீதும் "இடம் நகராட்சியுடையது, அனுமதியோடு இருக்கிறேன்" என்று நீங்களே ஒப்புக்கொண்ட சாட்சி. இந்த வாதத்தை நீதிமன்றத்தில் எடுத்தால் முதல் ஐந்து நிமிடத்தில் உடைந்துவிடும். உடைந்ததோடு உங்கள் மற்ற நல்ல வாதங்களின் மதிப்பையும் குறைத்துவிடும்.

வாடகைதாரர் சட்டமும் உங்களுக்குக் கைகொடுக்காது. 2017இல் வந்த தமிழ்நாட்டு நில உரிமையாளர், வாடகைதாரர் சட்டம் உள்ளாட்சி அமைப்புகளின் கட்டடங்களுக்குப் பொருந்தாது. உங்கள் தாளில் 'குத்தகை' என்று இருக்கிறதா, 'உரிமம்' என்று இருக்கிறதா என்று பாருங்கள். குத்தகை என்றால் சொத்து மாற்றச் சட்டப்படி கொஞ்சம் பலம் கூடும். உரிமம் என்றால் அது அனுமதி மட்டுமே, திரும்ப எடுத்துக்கொள்ளக் கூடியது. மார்க்கெட் கடைகளில் பெரும்பாலும் இரண்டாவதுதான்.

அப்படியானால் உங்களிடம் ஒன்றுமே இல்லையா? இருக்கிறது. சொந்தம் என்பது இல்லாவிட்டாலும், முறைப்படி நடத்தப்படும் உரிமை உண்டு. சுவரில் ஒட்டிய ஒரு பொது நோட்டீசை வைத்து 15 நாளில் பூட்டை உடைக்க முடியாது. காரணம் கேட்டு உங்களுக்குத் தனியாக அறிவிப்பு வர வேண்டும், உங்கள் பதிலைக் கேட்க வேண்டும், அதன் பின் காரணம் காட்டி ஆணை போட வேண்டும், அந்த ஆணைக்கு மேல்முறையீடும் உண்டு. 1985 ஜூலையில் வந்த ஓல்கா டெல்லிஸ் வழக்குத் தீர்ப்பை எல்லோரும் மேற்கோள் காட்டுவார்கள். பம்பாய் நடைபாதைவாசிகளின் வழக்கு அது. வாழ்வாதாரமும் உயிர் வாழும் உரிமையின் ஒரு பகுதிதான் என்று உச்ச நீதிமன்றம் சொன்னது. இது பாதிதான். அதே தீர்ப்பில், உரிய முறையில் அறிவித்து, மழைக்காலம் முடிந்தபின் அகற்றலாம் என்றும் இருக்கிறது. மீதிப் பாதியைச் சொல்லாமல் நம்பிக்கை கொடுப்பது எளிது, சகோதரி. எனக்கு அதில் விருப்பமில்லை.

வாடகையை உடனே கட்டுங்கள்

எட்டு மாதப் பாக்கிதான் இன்றைய தேதியில் உங்களுக்குப் பெரிய ஆபத்து, புல்டோசர் அதற்கு அப்புறம்தான். பாக்கி வைத்தவரை வெளியேற்ற நகராட்சிக்கு மறுமேம்பாடு, பாதுகாப்பு என்ற காரணமே தேவையில்லை, பாக்கி ஒன்றே போதும். 2021 ஆகஸ்டில் உதகை நகராட்சி மார்க்கெட்டில் வாடகை பாக்கிக்காக வரிசை வரிசையாகக் கடைகளுக்குச் சீல் வைத்தார்கள். வாடகையை ஒரேயடியாக உயர்த்தியது நியாயமா என்று வியாபாரிகள் கேட்ட கேள்வி உண்மையானதுதான். ஆனாலும் பூட்டு விழுந்த கடையிலிருந்துகொண்டு கேள்வி கேட்பது கடினம்.

உயர்த்திய வாடகையை ஏற்கவில்லை என்றால், "என் உரிமைகளுக்குப் பாதகமின்றி, ஆட்சேபணையுடன் செலுத்துகிறேன்" என்று ஒரு கடிதம் வைத்துக் கட்டுங்கள். கவுன்டரில் வாங்க மறுத்தால் ஆணையர் பெயருக்கு வரைவோலை எடுத்து, டெலிவரிச் சான்றோடு ஸ்பீட் போஸ்டில் அனுப்புங்கள். திரும்பி வந்தாலும் உறையைப் பிரிக்காமல் வைத்துக்கொள்ளுங்கள். பிரிக்காத உறை நல்ல சாட்சி.

கடிதத்தின் ஐந்தாம் பக்கத்தில் போகிற போக்கில் ஒன்று எழுதியிருக்கிறீர்கள்: சங்கத் தலைவருக்கு நான்கு கடை, மூன்று உள்வாடகையில் ஓடுகிறது. அவர் கெட்டவர் என்று நான் சொல்ல வரவில்லை. ஆனால் கணக்கெடுப்பு என்று வந்தால் உள்வாடகைக் கடைகள்தான் முதலில் ரத்தாகும். எனவே கணக்கெடுப்பே நடக்காமல் இழுத்துக்கொண்டே போவது அவருக்கு லாபம். உங்களுக்கும் மாமியாருக்கும் கணக்கெடுப்பு நடப்பதுதான் லாபம். ஒரே சங்கம், ஒரே கொடி, ஆனால் நலன் வேறு. இதை நினைவில் வைத்துக்கொண்டு அவர் ஆலோசனையைக் கேளுங்கள்.

தாத்தா பெயரில் இருக்கும் லைசென்ஸையும் இப்போதே கவனியுங்கள். வாரிசுச் சான்று, இறப்புச் சான்றுகள், கணவர் காலத்து ரசீதுகள் வைத்துப் பெயர் மாற்றம் கேட்டு மனுக் கொடுத்து, ஒப்புகை வாங்குங்கள். உரிமம் தானாக வாரிசுக்கு வந்துவிடாது. நகராட்சி மறுக்கவும் கூடும். ஆனால் பட்டியல் தயாராகும் நாளில் உங்கள் மனு கோப்பில் இருக்க வேண்டும். இறந்தவர் பெயரில் புதுக் கடை ஒதுக்க மாட்டார்கள்.

பாரம்பரியம் என்று அறிவிக்க முடியுமா?

பழையது என்பதாலேயே தொல்லியல் துறை வந்து காப்பாற்றும் என்று நினைக்கிறீர்கள். 1958ஆம் ஆண்டின் மத்தியச் சட்டம் கேட்பது 100 வருடம். உங்கள் வளைவில் 1936. நூறு தாண்டியிருந்தாலும் அரசு தனியாக அறிவித்தால்தான் பாதுகாப்பு. மரபுக் கட்டடங்களுக்காகத் தமிழ்நாட்டில் 2012இல் தனிச் சட்டம் வந்தது, அதில் மரபு ஆணையம் அமைக்க வழி இருக்கிறது. மனுக் கொடுங்கள், கொடுப்பதில் நஷ்டமில்லை. மரபுப் பாதுகாப்புக்காக இயங்கும் இன்டாக் அமைப்பின் பக்கத்து ஊர்க் கிளையை அழைத்துக் கட்டடத்தை ஆவணப்படுத்தச் சொல்லுங்கள். அவர்களுக்கு இதில் அனுபவம் உண்டு.

அவர்கள் போட்ட வழக்கு ஒன்றையே சொல்கிறேன். சென்னை அண்ணா சாலையில் பாரத் இன்சூரன்ஸ் கட்டடம் இருக்கிறது, 1897இல் கட்டியது. அதை இடிக்கும் வேலை தொடங்கியபோது இன்டாக் உயர் நீதிமன்றம் போனது. 2010இல் இடிக்கக் கூடாது என்று தீர்ப்பு வந்தது. மரபுக் கட்டடப் பாதுகாப்புக்கு அது முக்கியமான தீர்ப்பு. அப்புறம்? வருடக்கணக்கில் அது பூட்டியே கிடந்து சிதைந்தது. இடிக்காதே என்று நீதிமன்றம் சொல்ல முடியும். பழுதுபார்த்து, ஆளை உட்கார வைத்து, உயிரோடு வைத்துக்கொள் என்று சொல்வதற்குப் பணமும் மனமும் வேறு இடத்திலிருந்து வர வேண்டும்.

இப்போது உங்கள் மாமியாருக்கு வருகிறேன். நீங்கள் கவலைப்பட்டு எழுதியிருக்கிறீர்கள்: "எனக்காவது லைசென்ஸ் என்று ஒரு தாள் இருக்கிறது, அத்தைக்கு ஒன்றுமே இல்லை." எனக்கு அப்படித் தோன்றவில்லை. உங்கள் மார்க்கெட்டைக் காப்பாற்றும் வாதங்களிலேயே பலமானது அவர் உட்கார்ந்திருக்கும் சாக்கில்தான் இருக்கிறது.

2014இல் தெருவோர வியாபாரிகளுக்கான மத்தியச் சட்டம் வந்தது. கணக்கெடுப்பு முடிந்து சான்றிதழ் கொடுக்கும்வரை யாரையும் அகற்றக் கூடாது என்கிறது அதன் 3ஆம் பிரிவு. இடம் மாற்றுவதானால் 30 நாள் அறிவிப்பு வேண்டும். வாங்குபவரும் விற்பவரும் காலங்காலமாகக் கூடும் இடத்தை அது 'இயல்பான சந்தை' என்கிறது. அதன் இரண்டாம் அட்டவணையில், தெருவோர வியாபாரிகள் 50 ஆண்டுக்கு மேல் தொழில் செய்த இயல்பான சந்தைகளைப் பாரம்பரியச் சந்தைகளாக அறிவிக்க வேண்டும், அங்கிருப்பவர்களை இடம் மாற்றக் கூடாது என்றே எழுதியிருக்கிறது. கட்டடத்துக்கு 100 வருடம் கேட்கும் நாட்டில், கறிவேப்பிலை விற்பவருக்கு 50 போதும். மாமியார் ஒருவரே 52 வருடம் முடித்துவிட்டார்.

ஆனால் இதில் சிக்கலும் உண்டு. "இது தெரு இல்லை, நகராட்சியின் மூடிய மார்க்கெட், அந்தச் சட்டம் இங்கே பொருந்தாது" என்று நகராட்சி வக்கீல் சொல்வார். சட்டத்தின் விளக்கத்தில் தெரு, சந்து, நடைபாதையோடு 'வேறு எந்தப் பொது இடமும்' என்று இருக்கிறது என்பது நம் பதில். வாதத்துக்குரிய விஷயம், உறுதியான வெற்றி இல்லை. இயல்பான சந்தை என்று தீர்மானிக்க வேண்டியதும் நகராட்சிதான், நகர விற்பனைக் குழுவின் பரிந்துரைப்படி. அந்தக் குழுவில் 40 சதவீதத்துக்குக் குறையாமல் வியாபாரிகள் இருக்க வேண்டும், அவர்களில் மூன்றில் ஒரு பங்கு பெண்கள். உங்கள் ஊரில் அப்படி ஒரு குழு இருக்கிறதா, கடைசியாக எப்போது கூடியது என்று கேட்டுப் பாருங்கள். பல ஊரில் பலகையில்தான் இருக்கிறது.

90 தரைக்கடைக்காரர்களும் ஒரே நாளில், பெயர், வயது, எத்தனை வருடம், என்ன வியாபாரம் என்று எழுதி, ஆதாரத்தோடு அந்தக் குழுவுக்கும் ஆணையருக்கும் மனுக் கொடுக்க வேண்டும். ஆதாரம் என்ன என்கிறீர்களா? பரணில் தொங்கும் அந்த எட்டுக் கம்பிதான். தினமும் காசு வாங்கிக்கொண்டு ரசீது கிழித்துக் கொடுத்தது நகராட்சியின் குத்தகைக்காரர். "இவர் யாரென்றே தெரியாது" என்று இனி அவர்களால் சொல்ல முடியாது. தூணில் விழுந்த அரிவாள் பள்ளத்தையும் பக்கத்தில் ஒரு அளவுகோல் வைத்துப் படம் எடுங்கள். கேட்கச் சிரிப்பாக இருக்கலாம். கல் தேய எத்தனை வருடமாகும் என்று நீதிபதிக்கு யாரும் விளக்க வேண்டியதில்லை.

இரண்டு மார்க்கெட், இரண்டு விதி

சென்னை மூர் மார்க்கெட்டைப் பற்றிக் கேள்விப்பட்டிருப்பீர்கள். பிராட்வேயிலிருந்த பாப்ஹாம் மார்க்கெட் சுகாதாரக்கேடாகிவிட்டது என்றுதான் 1898இல் அதற்கு அடிக்கல் நாட்டினார்கள். உங்கள் நகராட்சி இன்று சொல்லும் அதே காரணம். 1900இல் திறந்தது. பழைய புத்தகம், கிராமபோன், கிளி, மீன் என்று எல்லாம் கிடைத்த இடம். சென்ட்ரல் விரிவாக்கத்துக்கு ரயில்வேக்கு அந்த நிலம் தேவைப்பட்டது. வியாபாரிகள் நகர மறுத்தார்கள். இழுபறி நடந்துகொண்டிருக்கும்போதே 1985 மே 30 அன்று தீப்பிடித்தது. அந்தத் தீயைப் பற்றி ஊரில் பல பேச்சு, அதற்குள் நான் போகவில்லை. வியாபாரிகள் பக்கத்திலேயே லில்லி பாண்ட் வளாகத்துக்குப் போனார்கள். இன்று மூர் மார்க்கெட் என்பது புறநகர் ரயில் நிலையத்தின் பெயர்.

வழக்கு நிலுவையில் இருக்கும் கட்டடத்தில் யாரும் காசு போட மாட்டார்கள். ஒயர் தொங்கும், ஓடு ஒழுகும், ஜங்ஷன் பாக்ஸில் தண்ணீர் இறங்கும். எனவே சங்கம் ஸ்டே வாங்கும் காசில் ஒரு பங்கை எடுத்து, லைசென்ஸ் உள்ள எலக்ட்ரீஷியனை வைத்து ஒயரிங் பார்க்கச் சொல்லுங்கள். கடைக்கும் சரக்குக்கும் தீ காப்பீடு எடுங்கள். சாம்பலான மார்க்கெட்டுக்கு எந்த நீதிமன்றமும் ஸ்டே கொடுக்க முடியாது.

இன்னொன்று அமெரிக்காவில், சியாட்டில் நகரத்தில். பைக் பிளேஸ் மார்க்கெட், 1907இல் விவசாயிகள் வண்டியில் கொண்டுவந்து நேராக விற்கத் தொடங்கிய இடம். 1960களில் அதை இடித்து ஹோட்டல், அலுவலகம், வாகன நிறுத்தம் கட்டத் திட்டம் போட்டார்கள். விக்டர் ஸ்டெயின்புரூக் என்ற கட்டடக் கலைஞரும் நண்பர்களும் 1964இல் ஒரு குழு அமைத்து, கையெழுத்து வாங்கி, 1971 நவம்பரில் நகரவாசிகளின் ஓட்டுக்கே விட்டார்கள். ஏழு ஏக்கர் சந்தைப் பகுதி காப்பாற்றப்பட்டது. நான் கவனிக்கச் சொல்வது அதற்குப் பிறகு நடந்ததை. 'பழையதைத் தொடாதே' என்று அவர்கள் நிற்கவில்லை. 1973இல் நிர்வாகத்துக்குத் தனி அமைப்பு வந்தது, அரசுப் பணத்தில் கட்டடங்களைப் பழுதுபார்த்தார்கள், விளைவித்தவரே நின்று விற்க வேண்டும் என்ற வழக்கத்தை விதியாக வைத்துக்கொண்டார்கள். செங்கல்லோடு சேர்த்து யார், என்ன, எப்படி விற்பது என்பதையும் காப்பாற்றினார்கள். நம் ஊரில் இப்படி ஓட்டெடுப்பு கேட்க வழியில்லை. நமக்குக் கிடைப்பது நகர்மன்றத் தீர்மானம்தான்.

ஸ்டே கிடைத்தால் என்ன, கிடைக்காவிட்டால் என்ன

ஸ்டே என்றால் ஜெயித்துவிட்டோம் என்று பட்டாசு வெடிப்பதைப் பார்த்திருக்கிறேன். அது இடைக்காலம்தான், நாலு வாரமோ ஆறு வாரமோ. உங்கள் மாவட்டத்துக்கு ரிட் மனு சென்னை உயர் நீதிமன்றத்தில் போட வேண்டும், மதுரைக் கிளையில் இல்லை. கட்டடம் விழும் நிலையில் இருப்பதாக ஒரு பொறியியல் அறிக்கை கோப்பில் இருந்தால், எந்த நீதிபதியும் 200 பேர் தலைக்கு மேல் அந்த ஓட்டை வைத்துக்கொண்டிருக்கத் துணிய மாட்டார். அது தவறும் இல்லை.

ஆகவே சண்டை முதலில் அந்த அறிக்கையில் ஆரம்பிக்க வேண்டும். தகவல் உரிமைச் சட்டத்தில் 10 ரூபாய் நீதிமன்ற வில்லை ஒட்டி மனுப் போடுங்கள்: உறுதித்தன்மை அறிக்கையின் நகல், யார் ஆய்வு செய்தார், எந்தத் தேதியில், என்ன சோதனை. 30 நாளில் பதில் வர வேண்டும். வராவிட்டால் மேல்முறையீடு. அதோடு விரிவான திட்ட அறிக்கை, நகர்மன்றத் தீர்மானம், நிதி எங்கிருந்து வருகிறது, கடை ஒதுக்கீட்டு முறை ஆகியவற்றின் நகலையும் கேளுங்கள். கான்கிரீட்டுக்கான சுத்தியல் சோதனையைச் சுண்ணாம்புக் காரைக் கட்டடத்தில் தட்டிப் பார்த்து 'பலவீனம்' என்று எழுதிய அறிக்கையை நானே கையில் பிடித்திருக்கிறேன். உங்கள் கட்டடத்தில் இருப்பது கருங்கல்லும் சுண்ணாம்பும். மரபுக் கட்டடம் தெரிந்த பொறியாளரின் இரண்டாவது கருத்து வாங்குங்கள். அவரும் ஆபத்து என்றால், ஏற்றுக்கொண்டு அடுத்த கட்டத்துக்குப் போங்கள். மாமியாரிடம் அதை நீங்கள்தான் சொல்ல வேண்டியிருக்கும்.

இப்படிப்பட்ட வழக்குகளில் நான் பார்த்தவரை நடுவில் ஒரு முடிவு வருகிறது: காலி செய்ய அவகாசம், பழைய வியாபாரிகளுக்குப் புதுக் கட்டடத்தில் முன்னுரிமை. அந்த முன்னுரிமை எந்த வார்த்தையில் எழுதப்படுகிறது என்பதில்தான் உங்கள் பத்து வருட வாழ்க்கை இருக்கிறது.

படிவத்தில் கையெழுத்து

போடலாம். படித்துவிட்டு. தற்காலிக இடத்தை ஏற்பதாலேயே உரிமை போய்விடாது. "எனக்கு இனி எந்தக் கோரிக்கையும் இல்லை" என்ற வரி இருந்தால்தான் ஆபத்து. அந்த வரி இருந்தால் அடித்துவிட்டுப் பக்கத்தில் சுருக்கொப்பம் போடுங்கள். மறுத்தால், தனிக் கடிதத்தில் "புதுக் கட்டடத்தில் இதே அளவு கடை ஒதுக்கப்படும் என்ற உறுதியின் பேரில் தற்காலிகமாக மட்டும் செல்கிறேன்" என்று எழுதி அதே நாளில் கொடுத்து முத்திரை வாங்குங்கள். கையெழுத்தே போடாமல் இருந்தால், இடிக்கும் நாளில் கொட்டகையிலும் இடமில்லை, பட்டியலிலும் பெயரில்லை என்று ஆகிவிடும்.

கேட்க வேண்டியவற்றில் முதலாவது, பெயர்ப் பட்டியல்: கடைக்காரர்கள், தரைக்கடைக்காரர்கள் இருவரும், இட அளவோடு, நகர்மன்றத் தீர்மானமாக. நகர்மன்றத் தலைவர் மேடையில் சொன்னது கணக்கில்லை. இரண்டாவது, பழையவர்களுக்கு ஏலம் கூடாது. புதுக் கட்டடத்தில் பொது ஏலம் என்று வந்தால் இலை விற்பவர் செல்போன் கடையோடு போட்டி போட முடியாது. டெபாசிட்டைத் தவணையில் கட்டவும், வாடகை எவ்வளவு உயரலாம் என்பதற்கு முன்கூட்டியே வரம்பும் கேளுங்கள். மூன்றாவது, பாதி மார்க்கெட்டைத் திறந்து வைத்துக்கொண்டு பாதியைக் கட்டுவது. ஒப்பந்ததாரருக்குப் பிடிக்காது, செலவு கூடும் என்பார். ஆனால் இரண்டு வருடம் வேறு இடத்துக்குப் போன சமையல்காரர் திரும்பி வருவாரா என்பது உங்களுக்கு என்னைவிட நன்றாகத் தெரியும்.

நான்காவதை நான் கொஞ்சம் கோபத்தோடுதான் சொல்கிறேன். முதல் மாடியில் கத்தரிக்காய் விற்காது. ஓர் ஊரில் பார்த்தேன். பழைய மார்க்கெட்டை இடித்து, மேலே காய்கறி, கீழே ரெடிமேட் துணி என்று கட்டினார்கள். கீழ்த்தளத்துக்கு வாடகை அதிகம் கிடைக்கும் என்ற கணக்கு. படிக்கட்டில் மூட்டை ஏற்ற ஆள் கூலி, லிஃப்ட் திறந்த ஆறாம் மாதமே நின்றது, வாங்க வந்தவர்கள் மேலே ஏறவில்லை. ஒரு வருடத்தில் மேல்மாடி முழுக்க ஷட்டர் மூடிக் கிடந்தது. காய்கறிக்காரப் பெண்கள் அதே கட்டடத்தின் வாசலில், சாலையோரத்தில் சாக்கு விரித்து உட்கார்ந்திருந்தார்கள். காலையில் நகராட்சி வண்டி வந்து அவர்களை 'ஆக்கிரமிப்பு' என்று விரட்டிக்கொண்டிருந்தது. உங்கள் வரைபடத்தில் இலை, பூ, காய், மீன் எல்லாம் தரைத்தளத்தில் இருக்கின்றனவா, தரைக்கடைக்கு மேடை வரைந்திருக்கிறார்களா, தண்ணீர் வெளியேற வாட்டம் இருக்கிறதா என்று மகனைப் பார்க்கச் சொல்லுங்கள். இன்ஜினியரிங் படித்தவன், வரைபடம் படிக்கத் தெரியும். இடிக்கச் சொல்வதைவிட அவன் செய்ய வேண்டிய வேலை அது.

பழைய வளைவையும் முன்வரிசைத் தூண்களையும் புதுக் கட்டடத்தோடு சேர்த்து நிறுத்தச் சொல்லிக் கேட்கலாம். நான் கேட்பேன். ஆனால் பேரத்தில் நகராட்சி எளிதாக ஒத்துக்கொள்வது அதுதான் என்பதால், அதை முதலில் வைக்காதீர்கள். வளைவைக் கொடுத்துவிட்டு ஏலத்தை வைத்துக்கொள்வார்கள்.

செலவைப் பற்றிக் கவலைப்பட்டிருக்கிறீர்கள். சட்டப் பணிகள் ஆணையச் சட்டம் 1987இன் 12ஆம் பிரிவுப்படி, வருமானம் எவ்வளவு என்ற கேள்வியே இல்லாமல் பெண்களுக்கு இலவச வக்கீல் உண்டு. உங்களுக்கும் உண்டு, மாமியாருக்கும் உண்டு. தாலுகா நீதிமன்ற வளாகத்திலேயே வட்டச் சட்டப் பணிகள் குழு அலுவலகம் இருக்கும். 15100 என்ற எண்ணுக்கும் அழைக்கலாம். சங்கம் போடும் வழக்கில் சேர்ந்துகொள்ளுங்கள், ஆனால் தரைக்கடைக்காரர்களுக்குத் தனி மனுவாகப் போடுவது நல்லது. அவர்கள் சட்டம் வேறு.

வரும் 18ஆம் தேதி ஆணையர் கருத்துக்கேட்புக் கூட்டம் வைத்திருப்பதாக எழுதியிருக்கிறீர்கள். அதற்குள் வாடகைப் பாக்கியைக் கட்டிவிடுங்கள். தகவல் உரிமை மனுவை நாளைக்கே தபாலில் சேருங்கள். கூட்டத்துக்கு மாமியாரையும் அழைத்துப் போங்கள், ஆனால் கம்பிகளை வீட்டிலேயே விட்டுவிடுங்கள். அசலை யார் கையிலும் கொடுக்கக் கூடாது. ஒவ்வொரு வருடத்துக்கும் நாலைந்து ரசீதை எடுத்து, தேதி தெரியும்படி நகல் எடுத்து, அதை மட்டும் கொண்டுபோங்கள். இப்போது மெஷினில் வரும் வழவழப்பான ரசீதில் எழுத்து சில மாதத்தில் மங்கிவிடும், அதை முதலில் நகல் எடுங்கள். பரண் ஒழுகும் என்று எழுதியிருந்தீர்களே, எட்டுக் கம்பியையும் இன்றைக்கே இறக்கி பீரோவுக்குள் வையுங்கள்.